கிறிஸ்ரோபர் சொல்லாமல் வந்த வசனம்

யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்து கிறிஸ்ரோபர் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். தட்டெறிகிற கிறிஸ்ரோபர் என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். காட்டுவதோடு விடாமல் கூடவே வந்து படலையையும் திறந்துவிடுவார்கள். அவ்வளவுக்கு அவன் பேர்பெற்றவன். அந்தப் பேர் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வெற்றிக் கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

அவனுக்கு வயது முப்பத்தைந்து. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் இரண்டு வைத்திருக்கிறான். பழையது கடலுக்கு, புதியது கோயிலுக்கும் மைதானத்துக்கும். உப்புத்தண்ணீர் பட்டால் பூட்டெல்லாம் கறள் பிடித்துவிடும் என்று புதுக்காலை அவன் மனைவி ஜெசிதா பழைய சேலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பாள். தன்னுடைய கலியாணக் கூறைக்குக்கூட அவள் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

தொழில் வீச்சுவலை. களப்பில் இடுப்பளவு தண்ணீரில் வலது காலை ஊன்றி நின்று, இடுப்பைத் திருப்பி, தோளைத் திறந்து எறிவான். வலை விரிந்து ஒரு பெரிய வட்டமாக விழும். ஒற்றைக் கால்காரன் எறிகிற வலை எப்படி இவ்வளவு வடிவாக விழுகிறது என்று ஊரில் இரண்டு கால் உள்ளவர்களுக்கு எரிச்சல். ஒரு நாள் ஒரு விளையாட்டு வாத்தியார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்குதுறையில் நின்று பார்த்தார். அடுத்த நாள் ஒரு இரும்புத் தட்டோடு வந்தார்.

"தம்பி, இதையும் உப்பிடித்தான் எறி பாப்பம்."

முதல் தட்டு நேரே கடலுக்குள் போனது. வாத்தியார் கோபிக்கவில்லை. அது விழுந்த தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். கிறிஸ்ரோபர்தான் சுழியோடி எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு மாவட்டம், மாகாணம், கொழும்பு என்று வருடத்துக்கு ஒரு படி ஏறினான். மாற்றுத்திறனாளிகளின் ஆசிய மட்டப் போட்டிக்கு நாடு முழுவதிலும் ஒன்பது பேரைத் தெரிவு செய்தபோது அதில் அவன் பேரும் இருந்தது.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் பழைய படையினர். சண்டையில் கை கால் போனவர்கள். சண்டைக்காரன் அல்லாதவன் இவன் ஒருவன்தான். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் இவனை ஒதுக்கவில்லை. போட்டியில் இரும்புக் குண்டெறிகிற சுமித் முகமாலைச் சண்டையில் வலது காலை விட்டவன். மூன்று வருடம் யாழ்ப்பாணத்துக் காவல் சென்றியில் நின்று தமிழ் பழகியவன். பயிற்சி முகாமில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். "மச்சான், உன்னையும் என்னையும் சேத்தா ஒரு முழு ஆள்," என்பான். இரவில் காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் தொலைபேசியில் மீன் சமையல் பார்ப்பார்கள்.

இனி அந்தக் கால் போன கதை. சொல்ல விருப்பமில்லை. ஆனால் சொல்லாமல் மேலே போக முடியாது.

கிறிஸ்ரோபரின் மாமியார் செபஸ்தியம்மாவுக்குக் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் ஒரு சீதனக் காணி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஓடி வந்தவர். இருபது வருடம் ஆமி அந்தப் பக்கம் போக விடவில்லை. சண்டை முடிந்து இரண்டாம் வருடம், காணி விட்டாயிற்று, போய்த் துப்புரவாக்குங்கள் என்று அறிவித்தார்கள். செபஸ்தியம்மாவின் மகன் ஜெயசுதனும் அவனுடைய உயிர்ச் சிநேகிதன் கிறிஸ்ரோபரும் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் அப்போது இருபது, இருபத்தொரு வயது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. கிணறு பற்றைக்குள் மூடிக் கிடந்தது. கிணற்றடியில் புல்லுக்குள், கயிறு போட்டுத் தண்ணி அள்ளுகிற ஒரு இரும்புக் கப்பியை ஜெயசுதன் கண்டான்.

"டேய், அம்மான்ரை கப்பியடா. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் மனிசி அழும்," என்று சிரித்துக்கொண்டு குனிந்தான்.

அதற்கு மேல் கிறிஸ்ரோபருக்கு மிதிவெடியின் சத்தம்கூட ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கால் இல்லை, ஜெயசுதனும் இல்லை. கப்பி மட்டும் இருந்தது. ஆரோ ஒரு புண்ணியவான் அதை உரப்பையில் போட்டுச் செபஸ்தியம்மாவிடம் கொடுத்திருந்தார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. முடிவில் சிங்களத்தில் அடித்த ஒரு தாள் வந்தது. தெரிந்த ஒருவர் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார். அனுமதியில்லாத இடத்துக்குள் புகுந்து பழைய இரும்பு களவெடுக்கும்போது ஏற்பட்ட மரணம் என்று அதில் எழுதியிருந்தது. செபஸ்தியம்மா அன்றைக்கு அழவில்லை. வாசித்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாளிலிருந்து அந்தத் தாளை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கத் தொடங்கினார். பதினைந்து வருடம் ஏறினார். ஒவ்வொரு மேசையிலும் ஒரே பதில்தான். மேலே இருந்து உத்தரவு வந்தால் திருத்தலாம் அம்மா.

காசு கேட்கவில்லை அந்த மனிசி. ஆளைத் திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளையைக் கள்ளன் என்று எழுதிய ஒரு வரியை வெட்டச் சொல்லித்தான் கேட்டார். இரவில் நித்திரை வராமல் முற்றத்தில் நடப்பார். கால் தேறிய பிறகு கிறிஸ்ரோபர் ஜெசிதாவைக் கட்டி அதே வீட்டுக்கு வந்தான். ஜெசிதா ஜெயசுதனின் தங்கை. முற்றத்தில் மாமி நடக்கிற செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுப்பது இவனுக்கும் பழகிப்போயிற்று.

போட்டிக்குப் போக மூன்று கிழமை இருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி வந்தது. புறப்பட முன்னர் நாட்டின் தலைவர் ஒன்பது பேரையும் நேரில் அழைத்து வாழ்த்தப்போகிறாராம். தலைவரின் பேர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. பேர்கள் வரும், போகும். கிறிஸ்ரோபர் தொலைபேசியை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னபோது செபஸ்தியம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார்.

"அவருக்கு மேலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி. அவர்தான் எல்லாத்துக்கும் மேலை."

"அப்ப சரி," என்றார். "நீ அவரிட்டைச் சொல்லு."

ஜெசிதா குறுக்கே வந்தாள். "அம்மா, உங்களுக்கு விசரே? அவர் விளையாடப் போற பிள்ளையளைக் கூப்பிட்டு வாழ்த்துறார். அதுக்கை போய் இவர் தாளை நீட்டுறதோ?"

"நான் என்ன, வீடோ கேட்டனான்? ஒரு வரி. ஒரே ஒரு வரி."

தாளை நீட்ட முடியாது என்பது அடுத்த நாளே தெரிந்துவிட்டது. கையில் ஒன்றும் கொண்டுவரக் கூடாதாம். தொலைபேசி இல்லை, பை இல்லை, சட்டைப் பையில் துண்டுக் கடதாசிகூட இல்லை. விளையாட்டுச் சங்கத்து அலுவலர் சுமித்துக்குச் சொல்ல, சுமித் இவனுக்குச் சொன்னான். அப்படியென்றால் வாயால்தான் சொல்லவேண்டும். கிறிஸ்ரோபருக்கோ சிங்களத்தில் சாப்பாடு கேட்கத் தெரியும், பேருந்துக்கு வழி கேட்கத் தெரியும். அதற்கு மேல் யாராவது மெதுவாகக் கேட்டால் விளங்கும், திருப்பிச் சொல்ல வராது. சுமித்திடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி, சின்னதாக ஒரு வசனம் கட்டித் தரச் சொன்னான்.

சுமித் முழுக் கதையையும் கேட்டான். பிறகு, "கப்பி எண்டா என்ன மச்சான்?" என்றான்.

கிணறு, கயிறு, வாளி என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினான் கிறிஸ்ரோபர். கடைசியில் கட்டிலுக்குக் கீழிருந்த உரப்பையை இழுத்து, கப்பியைப் படம் எடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. செபஸ்தியம்மா பக்கத்தில் நின்று, படத்தில் கறள் தெரியாமல் எடு என்றார். சுமித் குரல் பதிவில் வசனத்தை அனுப்பினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஐயா, என் நண்பன் கள்ளன் இல்லை, அவன் எடுத்தது தன் தாயின் கிணற்றுக் கப்பி, தாளைத் திருத்தித் தாருங்கள்.

அந்த வசனத்தை அவன் பாடமாக்கிய விதம் இருக்கிறதே, சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கப் படித்த செபத்தைக்கூட அப்படிப் பாடமாக்கியிருக்க மாட்டான். களப்புக்குள் நின்று சொல்லுவான். சைக்கிளில் சொல்லுவான். மைதானத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவான். தொலைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தான். அவசரப்படாமல் சொன்னால் ஆறு விநாடி. செபஸ்தியம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் நடுவில் அவன் தடக்கினால் உடனே பிடித்துவிடுவார்.

"நேற்று உதிலை இன்னொரு சொல்லு வந்ததெல்லோ?"

"ஓம் மாமி, விட்டிட்டன்."

"விடாதை."

கொழும்புக்குப் போகிற நாள் விடிய, கோயிலில் கொளுத்திய மெழுகுதிரியின் மிச்சத் துண்டை அவன் சட்டைப் பையில் போட வந்தார். ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று ஞாபகம் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார். நெற்றியில் சிலுவை மட்டும் போட்டுவிட்டார்.

மண்டபம் பெரியது. தரையில் தடித்த கம்பளம். பொய்க்கால் புதையப் புதைய நடக்கவேண்டியிருந்தது. ஒன்பது பேரையும் வரிசையில் நிறுத்தி அலுவலர் ஒத்திகை பார்த்தார். கை கொடுக்கும்போது இலேசாகக் குனியவேண்டும். கமெராவைப் பார்க்கக் கூடாது, அவரைப் பார்க்கவேண்டும். அவர் ஏதாவது கேட்டால் அதற்குப் பதில் சொல்லவேண்டும், நீட்டக் கூடாது. ஒரு ஆளுக்கு எட்டு விநாடி. சுமித் இதைத் தமிழில் காதுக்குள் சொன்னபோது கிறிஸ்ரோபர் கணக்குப் பார்த்தான். எட்டில் ஆறு போனாலும் இரண்டு மிச்சம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். குருநகரில் ஒரு தொழிலாளி, படகும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டியிடம் போனால் எடுத்த எடுப்பில் தன் கதையைத் தொடங்க மாட்டான். சம்மாட்டி முதலில் கேட்பார், தொழில் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். பிறகு அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பிறகென்ன?" என்பார். அதுதான் வாசல். அதற்குப் பிறகுதான் கடன் கேட்கிறவன் கேட்பான், அழுகிறவன் அழுவான். அதற்கு முன்னர் வாய் திறந்தால் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். கிறிஸ்ரோபர் பன்னிரண்டு வயதிலிருந்து அப்படித்தான் பெரியவர்களோடு கதைத்து வந்தவன்.

தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். ஒலிவாங்கியில் ஒருவர் வரவேற்றுப் பேசினார். கிறிஸ்ரோபருக்குப் பேச்சு விளங்கவில்லை, ஆனால் ஒரு சொல் விளங்கியது. ரணவிரு. போர்வீரர். வடக்கில் அந்தச் சொல் விளங்காதவர் யார்? தாய்நாட்டுக்காக அவயவங்களைக் கொடுத்த ஒன்பது போர்வீரர்கள் என்று அந்த மனிதர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சபை கை தட்டியது. பக்கத்தில் நின்ற சுமித்தின் தலை சடாரென்று திரும்பியது. இவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

எட்டுத்தான், ஒன்பது இல்லை என்று யாருக்குச் சொல்வது? வரிசை நகரத் தொடங்கிவிட்டது.

தலைவர் இவனுக்கு முன்னால் வந்து நின்றார். அந்த மனிதரில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது. நல்ல சிரிப்பு. கை சூடாக இருந்தது. மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தார். கிறிஸ்ரோபர் குனிந்தான். வசனத்தின் முதல் சொல் நாக்கிலேயே இருந்தது. அப்போது அவர் கேட்டார், கால் இப்போதும் நோகிறதா என்று. பெரியவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லவேண்டாமா?

"இல்லை சேர்," என்றான் சிங்களத்தில்.

பதக்கத்தோடு வருவாய்தானே என்றார்.

"ஓம் சேர்."

அவர் சிரித்தார். ஒரு கணம் அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். கிறிஸ்ரோபர் காத்துக்கொண்டு நின்றான். இப்போது கேட்பார். பிறகென்ன என்று இப்போது கேட்பார். தலைவர் தோளில் இரண்டு தரம் தட்டிவிட்டு, சுமித்தின் கையைப் பிடித்தார்.

அவ்வளவுதான். பதினைந்து வருடம் அந்த மனிசி ஏறிய படிகள் எல்லாம் வந்து சேர்ந்த இடத்தில் இவன் வளர்ப்புச் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டு நின்றான். மூளை கெட்டவன். ஏசவும் மனம் வருகுதில்லை, அந்த இடத்தில் என்னை நிறுத்தினாலும் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

விட்டுவிட்டான் என்று நினைக்கவேண்டாம். கேக்கும் தேநீரும் கொடுத்த நேரத்தில் தலைவர் கதவுப் பக்கம் போவதைக் கண்டு, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கம்பளத்தில் தடக்கித் தடக்கி அந்தப் பக்கம் போனான். கோட்டுப் போட்ட ஒருவன் இவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். பக்குவமாகத்தான் வைத்தான், தள்ளக்கூட இல்லை. கதவு திறந்தது, மூடியது.

அதற்குள் சுமித் அலுவலரிடம் போய்ச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் சொன்னன் மச்சான், இவன் ஆமி இல்லை எண்டு. அவர் சொல்றார், எல்லாம் அச்சடிச்சாச்சாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதாம்." கொஞ்சம் நிறுத்தி, "நீ சொன்னதா, வசனம்?" என்று கேட்டான்.

கிறிஸ்ரோபர் தலையை ஆட்டினான், இல்லை என்று. சுமித் தன்னுடைய கேக்கையும் எடுத்து இவனுடைய தட்டில் வைத்தான். வேறு என்ன செய்வான் அவனும்?

இரவு ரயிலில் வந்து விடிய இறங்கினான். வழி முழுக்க அவன் யோசித்தது ஒன்றைத்தான். உள்ளதைச் சொல்லுவது. மாமி, சந்தர்ப்பம் கிடைக்கேல்லை என்று நேரே சொல்லிவிடுவது. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது செபஸ்தியம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தார்.

"ரீவியிலை பாத்தனாங்கள்," என்றார். "உன்ரை வாய் அசைஞ்சது. நான் கண்டனான். சொன்னியோ?"

பாவி மனிசி அப்படி ஒரு முகத்தோடு கேட்டார்.

"ஓம் மாமி."

"அவர் என்ன சொன்னவர்?"

"பாக்கிறன் எண்டு சொன்னவர்."

செபஸ்தியம்மா படலையை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் குந்தினார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பதினைந்து வருடத்துக்கு முன்னர் அழாமல் வைத்திருந்த அழுகை. கிறிஸ்ரோபர் பையைத் தோளில் போட்டபடி பக்கத்தில் நின்றான். நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவனுக்கு.

ஜெசிதா அவனைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அவளுக்கு விளங்கிவிட்டது என்று. அறைக்குள் வந்து காலைக் கழற்றி வாங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"நீ அந்த முகத்தைப் பாத்தனியோ?"

"பாத்தனான்," என்றாள். "நாளைக்குச் சொல்லுங்கோ. நாள் போகப் போகச் சொல்ல ஏலாது."

அவள் சொன்னது சரிதான். நாள் போகப் போக ஏலாமல்தான் போயிற்று. முதல் நாள் இரவே முற்றத்தில் செருப்புச் சத்தம் இல்லை. செபஸ்தியம்மா குறட்டை விட்டு நித்திரை கொண்டார். ஜெசிதா எழும்பிப் போய், தாய்க்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் கப்பியை உரப்பையிலிருந்து வெளியே எடுத்தார். மண்ணெண்ணெய்க்குள் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் தேய் தேய் என்று தேய்த்து, வளவுக் கிணற்றில் ஆளை வைத்துக் கட்டுவித்தார். தண்ணீர்க் குழாய் வந்த பிறகு அந்தக் கிணற்றை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது செபஸ்தியம்மா காலையும் மாலையும் தண்ணி அள்ளி முருங்கைக்கு ஊற்றினார். முருங்கை அழுகாமல் தப்பியது பெரிய காரியம். கேட்கிறவர்களுக்கெல்லாம், "பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார், தாள் வரும்," என்றார். கிறிஸ்ரோபர் ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்துக்கொண்டு வந்து, கப்பி கிரீச்சிடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான். எறிகிற தட்டு எங்கே விழுகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வாத்தியார் ஏசினார்.

பத்தாம் நாள் காலை அவன் போட்டிக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டான். அவன் போன கையோடு தபால்காரன் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே வழவழப்பான பெரிய படம், தலைவர் கிறிஸ்ரோபரின் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கூடவே முத்திரை குத்திய ஒரு கடிதம், சிங்களத்தில். ஜெசிதா தொலைபேசியில் இதைச் சொன்னபோது கிறிஸ்ரோபர் ரயில் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா அதைத்தான் பதில் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நாளைக்குக் கந்தோருக்குக் கொண்டுபோகப் போறாவாம். நான் என்ன சொல்ல?"

"போகவிடாதை ஜெசி. நான் வந்து..."

"நான் சொன்னால் கேப்பாவோ?" என்றாள். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. வவுனியா தாண்டும்வரை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தபோதும் போகவிடாதை என்றுதான் திரும்பச் சொன்னான்.

அடுத்த நாள் பின்னேரம் விமான நிலையத்தில் ஒன்பது பேரும் ஒரே நிறக் காற்சட்டை மேற்சட்டையோடு வரிசையில் நின்றார்கள். தொலைபேசி அடித்தது. மாமியின் இலக்கம். கிறிஸ்ரோபர் வரிசையிலிருந்து விலகி ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"தம்பி, ஏறியிட்டியோ?"

"இன்னும் இல்லை மாமி."

"கால் நோகுதோ?"

"இல்லை."

"குளிராம் அந்த நாட்டிலை. ஜெசி பனியன் வைச்சவளோ?"

"வைச்சிருக்கிறா."

செபஸ்தியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் எங்கோ ஒரு ஓட்டோ போகிற சத்தம் கேட்டது.

"பிறகென்ன?" என்றார்.

கிறிஸ்ரோபர் நெற்றியைத் தூணில் வைத்தான். கண் எரிந்தது.

"மாமி, நான் சொல்லேல்லை. அவரிட்டை நான் ஒண்டும் சொல்லேல்லை. வாய் வரேல்லை."

"தெரியும்," என்றார் செபஸ்தியம்மா. "கந்தோரிலை ஒரு பிள்ளை வாசிச்சுக் காட்டினவள். நீ நாட்டுக்காகச் சண்டை பிடிச்சுக் காலைக் குடுத்தனியாம். அப்பிடித்தான் எழுதிக்கிடக்காம். அந்தப் பிள்ளையே என்ரை முகத்தைப் பாக்கேலாமல் குனிஞ்சிட்டுது." குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "அவனைக் கள்ளன் எண்டாங்கள். உன்னை ஆமிக்காரன் எண்டாங்கள். ரெண்டு பேரும் என்ரை கப்பி எடுக்கப் போன பிள்ளையள். நான் ஆருக்குப் போய்ச் சொல்ல?"

கிறிஸ்ரோபரின் விம்மல் தொலைபேசிக்குள் கேட்டது.

"நான் ஒண்டு சொல்லட்டே தம்பி. பொய் எண்டாலும் பத்து நாள் நான் நித்திரை கொண்டனான். பதினைஞ்சு வருசத்திலை அந்தப் பத்து நாளுந்தான். அது உன்னாலை. நீ அழாதை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சாப்பிட்டியோ?"

"இல்லை மாமி."

"போய்ச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சுமித் கையைக் காட்டிக் கூப்பிட்டான். கிறிஸ்ரோபர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தான். சோதனை வாசலில் ஒவ்வொருவராகப் போனார்கள். இவன் உள்ளே காலை வைத்ததும் கருவி கத்தியது. சீருடை போட்ட ஒரு இளம் அதிகாரி வந்து குனிந்து, காற்சட்டையை இலேசாகத் தூக்கிப் பொய்க்காலைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. காலைச் சேர்த்து நின்று, நெஞ்சில் கையை வைத்து, எந்தச் சண்டையில் என்று மரியாதையாகக் கேட்டான்.

கிறிஸ்ரோபர் அவனைப் பார்த்தான். வசனம் தானாகவே வந்தது. தடக்கவில்லை, ஒரு சொல்லும் விடுபடவில்லை.

"ஐயா, என் நண்பன் கள்ளன் இல்லை. அவன் எடுத்தது தன் தாயின் கிணற்றுக் கப்பி. தாளைத் திருத்தித் தாருங்கள்."

நல்ல சிங்களம். ஆறு விநாடிதான் எடுத்தது. அதிகாரி விளங்காமல் அவனையும் பின்னால் நின்ற சுமித்தையும் மாறி மாறிப் பார்த்தான். எந்த நண்பன், என்ன கப்பி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சரி, சரி, போங்கள் என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டு, அடுத்த ஆளின் பையை எடுத்தான்.